பிரிக்காத மருந்துப் பெட்டிகள்

தம்பி,

உனக்கு இரண்டு தந்திகள் வந்திருக்கும். ஒன்று வியாழக்கிழமை மதுரையிலிருந்து, இன்னொன்று சனிக்கிழமை மேலூரிலிருந்து. இரண்டிலும் ஒரே வாசகம்தான். "மருந்துப் பெட்டிகளை உடனே பிரி. விழாவுக்குக் காத்திருக்காதே." மதுரைத் தந்தி ஆபீஸ் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம், சாவு, பரீட்சை முடிவு என்று அடித்துப் பழகிய மனிதருக்கு ஆப்பிரிக்காவுக்கு இப்படி ஒரு தந்தி புதிது. நீயும் குழம்பித்தான் போயிருப்பாய். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, எதையோ நினைத்துப் பயப்படுகிறார் என்று இரண்டையும் மடித்து மேசைக்குள் போட்டிருந்தாலும் போட்டிருப்பாய். அப்படிப் போட்டிருந்தால் இந்தக் கடிதத்தின் மிச்சத்தை அப்புறம் படி. முதலில் எழுந்து போய்ப் பெட்டிகளைப் பிரி.

உனக்கு எழுதும் கடிதங்களை எல்லாம் ஆசீர்வாதத்தில் தொடங்குவது என் வழக்கம். இதை அப்படித் தொடங்கக் கை வரவில்லை. உன் கடிதத்தை வியாழக்கிழமை காலையில் கோர்ட்டுக்குப் புறப்படும்போதுதான் தபால்காரர் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். அந்த ஊரின் செம்மண்ணைப் பற்றி, மக்காச்சோள மாவுக் கஞ்சியைப் பற்றி, ஒரு நாள் முழுக்க நடந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தாய். அங்கே கடை வைத்திருக்கும் நம் நாட்டு வியாபாரிகள் சேர்ந்து தர்மமாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்கும் மருந்து விடுதிக்கும் பூச்சு வேலைகூட முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் இது வந்தது: "மருந்துகள் கப்பலில் வந்து இறங்கிவிட்டன. மழை நின்றதும் கவர்னர் வந்து திறந்து வைக்கிறார். அதுவரை ஒரு பெட்டியையும் தொடக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. எனக்கும் அது சரி என்றே படுகிறது. நீங்கள் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் செய்த மாதிரியே எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துத்தான் திறப்போம், அப்பா." நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. நேரே தந்தி ஆபீசுக்குப் போனேன்.

என் மாதிரியே என்கிறாய். நீ புறப்படுவதற்கு முந்தின வாரம் உன் டிரங்குப் பெட்டியை அடுக்க உன் அம்மாவுக்கு ஒத்தாசை செய்தேன். மூடியின் உள்பக்கம் பழுப்பேறிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நம் சங்கத்தின் மாதப் பத்திரிகையிலிருந்து நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெட்டி வைத்தது. ஜில்லா துரைக்குப் பக்கத்தில் மாலையோடு நான் நிற்கிற படம். கீழே நான்கு பத்தி புகழ்ச்சி. 'ஏழைகளின் காவலர்' என்று என்னைப் போட்டிருந்தார்கள். அதை அப்போதே கிழித்திருக்க வேண்டும். அதன்மேல் உன் சட்டைகளை அடுக்கி மூடியைச் சாத்தினேன். உனக்கு வழியனுப்புக் கூட்டம் போட்டபோது மேடையில் நீ சொன்னாய்: "எங்க அப்பா அந்த ஊருக்குச் செஞ்சதுல கால்வாசி நான் செஞ்சாப் போதும்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். நான் வேர்வையைத் துடைக்கிற மாதிரி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். உனக்கு நெகிழ்ச்சி என்று தோன்றியிருக்கும். வெட்கமடா அது.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அதே பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். என் கதைக்காக அந்த ஊர்க்காரர்களை யாரும் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். மேலூருக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையோரம். மதுரை தல்லாகுளத்தில் நாங்கள் நாலைந்து வக்கீல்கள் சேர்ந்து சங்கம் வைத்து, அங்கே ஒரு பள்ளிக்கூடமும், அதை ஒட்டி ஒரு மருந்து அறையும் நடத்தினோம். நான் காரியதரிசி. எல்லாமே பொய்யில்லை, தம்பி. எழுபது எண்பது பிள்ளைகள் அங்கே எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். சிரங்கும் கண்வலியும் எத்தனையோ பேருக்கு ஆறியது. கம்பவுண்டர் சுப்பையா என்று ஒரு தங்கமான மனிதர். புண்ணைக் கழுவும்போது பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே கழுவுவார். நான் மாதம் இரண்டு முறை போவேன். வண்டியிலிருந்து இறங்கியதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த எழுந்து நிற்கிறது இருக்கிறதே, அது எனக்குப் பிடித்துப்போயிற்று. மெதுமெதுவாக அதற்காகவே போக ஆரம்பித்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஐந்து வயதிருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் உன் அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். நீ அடுப்பங்கரை வாசலில் நின்று ஒன்று கேட்டு அழுதாய். படையல் போடுவதற்கு முன்னால் எச்சில் படக்கூடாது என்று நான் ஒரு அதட்டு அதட்டினேன். நம் வீடுகளில் அது சட்டம். சாமிக்கு வைக்கிறதை முதலில் யாரும் தொடக்கூடாது, விருந்தாளிக்கு வைத்திருக்கும் தட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. உன் அம்மா என்னைத் திரும்பியே பார்க்காமல் ஒன்றை எடுத்து ஊதி உன் கையில் கொடுத்தாள். "பிள்ளை பசின்னு நிக்குது. சாமி ஒண்ணும் நினைச்சுக்காது" என்றாள். நான் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளோடு பேசவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாவது அப்போதே அதைக் கற்றுக்கொண்டிருந்தால், பின்னால் இவ்வளவு வெட்கப்பட வேண்டியிருந்திருக்காது.

துரை வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜில்லாவின் பெரிய அதிகாரி அவர். அவர் மனசு வைத்தால் நம் மருந்து அறை பெரிய ஆஸ்பத்திரி ஆகிவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதை நம்பவும் நம்பினேன். பழைய மருந்தெல்லாம் தீர்ந்திருந்தது. சங்கத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் புதிதாக மருந்து தருவித்தேன். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று செய்ய வைத்தேன். புதன்கிழமை பாட்டில்கள் வந்தன. நானே என் கையால் அடுக்கினேன். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், ஒவ்வொன்றின் சீட்டும் முன்பக்கம் பார்க்கிற மாதிரி. சீல் உடையாத பாட்டில்கள் வெயிலில் மினுமினுவென்று இருந்தன. சுப்பையாவிடம் சொன்னேன்: "சனிக்கிழமை துரை பாத்துட்டுப் போறவரைக்கும் ஒண்ணையும் தொடாதீர்."

அன்று மத்தியானமே வெள்ளையம்மா வந்துவிட்டாள். களத்து வேலைக்குப் போகிற விதவைப் பெண். அவளுடைய ஒரே மகள் அடைக்கி நம் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒன்பது வயது. துரைக்கு வரவேற்புப் பாட்டு அந்தப் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்துப் பாட வேண்டும்; மற்ற பிள்ளைகளுக்குச் சுருதி அவள் குரலில்தான் நின்றது. அவளுக்கு முந்தின நாளிலிருந்து குளிர்காய்ச்சல். சுப்பையா என்னிடம் வந்து கையைப் பிசைந்தார்.

"காய்ச்சலுக்குக் கொயினா ஒரு பாட்டில் மட்டும் உடைக்கிறேன் சார். ரெண்டு வேளைக்குத்தான்."

"வரிசையில ஓட்டை தெரியும்யா. சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லும்."

"சின்னப் பிள்ளை சார். பாடுற பிள்ளை."

"காய்ச்சல் எல்லாருக்கும்தான் வருது. மூணு நாள்ல என்ன ஆயிரும்?"

உடைத்த பாட்டிலை மற்ற பாட்டில்களுக்கு நடுவில் திருப்பி வைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதுகூட எனக்குத் தோன்றவில்லை. படையலில் யாரோ வாய் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளையம்மா மறுபடியும் வந்தாள். இந்த முறை நானே வாசலில் நின்று பதில் சொன்னேன். "நாளைக்குச் சாயங்காலம் தர்றோம்மா. இன்னிக்கு ஈரத்துணி போடுங்க, கஞ்சித் தண்ணி குடுங்க." அவள் "சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். போகும்போது சன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். பாட்டில்களின் அழகைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்மீது காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் அடைக்கி இறந்துவிட்டாள். துரையின் கார் வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சுப்பையா ஓடி வந்து சொன்னார். அப்போது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் பதினோரு வருஷமாக யாரிடமும், உன் அம்மாவிடம்கூட, சொல்லவில்லை. சாவு விழுந்தால் அந்த ஊரில் உடனே கொட்டுச் சத்தம் எழும்பும், பெண்கள் கூடி மாரடித்து அழுவார்கள். வெள்ளையம்மாவின் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. நான் நேரே அந்த வீட்டுக்குள் போனேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கப்போகிற நேரம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மா, ஒரு மூணு நாழிகை மட்டும் பொறுத்துக்கங்க. துரை கார் போயிறட்டும். ஊருக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரப்போகுது. சத்தம் வேண்டாம்மா." என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டித் தன் வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள்.

துரை வந்தார். பிள்ளைகள் சுருதி சேராமல் பாடினார்கள். ஊர் மூச்சு விடாமல் இருந்தது. துரை அலமாரியைத் திறந்து பார்த்தார். "இவ்வளவு மருந்து செலவாகாமல் இருக்கிறதே, இங்கே நோய் குறைவுதான் போல" என்று தம் ஆளிடம் சொல்லிச் சிரித்தார். பெரிய ஆஸ்பத்திரி வேறு தாலுகாவுக்குப் போயிற்று. 'அமைதிக்கும் ஒழுங்குக்கும் பெயர்போன கிராமம்' என்று அவர் பாராட்டியது பத்திரிகையில் வந்தது. நீ பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் தாளில் மூன்றாவது பத்தி. எடுத்துப் பார். அந்த அமைதி எது என்று இப்போது உனக்குத் தெரியும்.

கார் புழுதி அடங்கியதும் கொட்டுச் சத்தம் கேட்டது. நான் மாலையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். பிள்ளையின் கால்மாட்டில் நின்றேன். புறப்படும்போது பழக்கதோஷத்தில் "அப்ப வாரேம்மா" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கிருந்த அத்தனை பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அப்புறம் நான் அந்த ஊருக்கு அதிகம் போகவில்லை. கோர்ட்டில் வேலை அதிகம் என்றேன். ஒரு வருஷத்தில் காரியதரிசிப் பதவியை இன்னொருவரிடம் கொடுத்தேன். அதற்கும் ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டார்கள்.

நான் வக்கீலாச்சே, தொழில் புத்தி என்னை விடவில்லை. மனசுக்குள் எனக்காக எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். மருந்து கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று என்ன நிச்சயம்? நான் கெட்ட எண்ணத்தில் செய்தேனா? ஊருக்கு நல்லது நடக்கத்தானே செய்தேன்? வாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நானே ஜெயித்தேன். அப்படியும் நீ மருத்துவப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது, "அந்த ஊரை நினைச்சுத்தான்ப்பா" என்று நீ சொன்னபோது, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் கண்ணில் நான் சிறுத்துப்போவேனே என்று பயந்தேன். அந்தப் பயத்தின் விலையை இப்போது அங்கே வேறு யாரோ ஒரு தாய் கொடுக்கப்போகிறாளோ என்றுதான் வியாழக்கிழமை தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

தந்தி அடித்தும் மனசு ஆறவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி மேலூர் போய், அங்கிருந்து நடந்தேன். வெள்ளையம்மா இருக்கிறாளோ இல்லையோ என்றுகூடத் தெரியாமல்தான் போனேன். இருந்தாள். வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வக்கீலய்யாதானே? வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று கட்டிலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து அலமாரியில் இருந்தது, கொடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான், கம்பவுண்டர் மேல் தப்பில்லை, எல்லாம் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இருந்தது எனக்குத் தெரியும்யா. சன்னல் வழியாப் பாத்தேன்ல. அம்புட்டும் வரிசையா இருந்துச்சு" என்றாள்.

உரித்த கடலையை மடியில் போட்டுக்கொண்டே மேலே சொன்னாள்.

"இல்லேன்னு நீங்க சொல்லல. நாளைக்குன்னுதான் சொன்னீங்க. படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நானும் வீட்டுக்குப் போயிட்டேன். ஒரு கல்ல எடுத்து அந்தக் கண்ணாடிய ஒடச்சுருந்தா எம்மக இருந்துருப்பா. ஒடைக்காமப் போயிட்டனே பாவின்னு இம்புட்டு வருசமா என்னையத்தான் திட்டிக்கிட்டுக் கெடக்கேன். அன்னைக்கு வாயில துணிய அடச்சதுதான்; கார் போனதுக்கப்புறம் எல்லாரும் அழுதாக. எனக்கு மட்டும் வரலய்யா. இன்னும் வரல."

தம்பி, நான் செய்த குற்றத்தை அவள் பதினோரு வருஷமாகத் தன் தலையில் சுமந்திருக்கிறாள். நான் தல்லாகுளத்தில் உட்கார்ந்து எனக்காக வாதாடி ஜெயித்த ஒவ்வொரு தடவையும் தோற்றது அவள்தான். அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னோடது" என்றேன். ஆறேழு தடவை சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்வது? அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் உன்னைப் பற்றி விசாரித்தாள். டாக்டருக்குப் படித்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடலுக்கு அங்கிட்டு ஒரு ஊரில் இருக்கிறான் என்றேன். உன் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன்.

"அங்கயும் அடுக்கி வச்சுருக்காகளா?" என்று சட்டென்று நிமிர்ந்தாள். கடலை மடியிலிருந்து கொட்டியது.

"தந்தி அடிச்சிருக்கேம்மா. பிரிக்கச் சொல்லி."

"போய்ச் சேந்துருக்குமா?"

"சேர்ந்திருக்கும்."

"எதுக்கும் இன்னொண்ணு அடிச்சு விடுங்கய்யா. அந்தப் புள்ளைகளுக்குக் காச்ச அடிச்சுக்கிட்டு இருக்கும்ல."

அங்கே நீ என்ன செய்ய வேண்டும் என்று புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அப்பன் ஆயிற்றே, கேட்டுக்கொள். கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கவர்னர் வரும்போது அலமாரி பாதி காலியாக இருந்தால், எங்கே போயிற்று என்று கேட்பார். ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிற்று என்று சொல். பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டு எதுவும் சொல்லிக்கொடுக்காதே. அங்கே ஒரு சாவு விழுந்தால், யார் வந்திருந்தாலும் சரி, அந்த மக்களை அழ விடு. யாராவது நீ வரும்போது எழுந்து நின்றால் உட்காரச் சொல்லிப் பழக்கு. எழுந்து நிற்பது பார்க்க நன்றாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாளைக் கிழிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அதன் பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் ஒட்டி வை.

வெள்ளையம்மாவின் வீட்டிலிருந்து புறப்பட எழுந்தேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து குரல் கேட்டது. "சொல்லிட்டுப் போங்கய்யா." திரும்பி நின்று, "வாரேம்மா" என்றேன். "வாங்க" என்றாள். மேலூருக்கு நடந்து வந்து தபாலாபீசில் இரண்டாவது தந்தியை அடித்தேன். முதலாவதை உன் அப்பா அனுப்பினார். இரண்டாவதை அடைக்கியின் அம்மா அனுப்பினாள்.

பெட்டிகளைப் பிரித்துவிட்டால் பதிலை எனக்கு எழுத வேண்டாம். வெள்ளையம்மா பெயருக்கு எழுது. எந்தப் பிள்ளைக்கு முதலில் கொயினா கொடுத்தாய், அதன் பெயர் என்ன, காய்ச்சல் எப்போது விட்டது என்று எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன். வாரேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.